பாப்பாவுக்கு எந்த மாமன் மடி?

உங்களுக்குத் தாய்மாமன் இருக்கிறாரா?

இருந்தால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு அவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். சண்டையில் இருந்தால் இரண்டு கொடுங்கள். இல்லாதவர்கள் மட்டும் என்னோடு பரமக்குடியில் பஸ் ஏறி எங்கள் ஊருக்கு வாருங்கள். முக்கால் மணி நேரப் பயணம். ஜன்னல் சீட் எனக்கு.

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டு ஹாலில் ஐந்து பேர். அய்யா, அம்மா, நான். எதிரே அக்காவின் மாமனார், மாமியார். தேவிபட்டினத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள். வரும்போதெல்லாம் ஒரு பை நெத்திலிக் கருவாடு கொண்டு வருவார்கள். அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகும் அந்த வாசம் இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்கி இருந்துவிட்டுத்தான் போகும்.

அக்காவின் மாமியாரை நான் அத்தை என்றும் மாமனாரை மாமா என்றும் கூப்பிடுவேன். அத்தை காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

“பாப்பாவுக்குப் பதினோராம் மாசம் பொறந்துருச்சு. சித்திரையில எங்க அய்யனார் கோயில்ல வச்சு மொட்டையப் போட்டுக் காதையும் குத்திரலாம்னு இருக்கோம். பத்திரிகை அடிக்கக் குடுக்கணும். தாய்மாமன்னு யாரு பேரைப் போட?”

கேள்வி அவ்வளவுதான்.

அய்யா சீலிங் ஃபேனைப் பார்த்தார். ரொம்ப நாள் கழித்துச் சந்திக்கிற நண்பனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அம்மா, “காபி போடவா?” என்றாள். அது மூன்றாவது தடவை. அவர்களுக்குக் கொடுத்த இரண்டாவது காபியே இன்னும் ஆறவில்லை.

எங்கள் வீட்டில் அக்கா கார்த்திகா, அப்புறம் நான், பவித்ரா. லிஸ்ட் முடிந்தது. ஆண் பிள்ளை கிடையாது. குழந்தைக்கு முதல் மொட்டை போடும்போதும் காது குத்தும்போதும் அது தாயோடு பிறந்தவன் மடியில் உட்கார வேண்டும். உடன்பிறந்தவன் இல்லையென்றால் பெரியப்பா மகன், சித்தப்பா மகன். அவன்தான் புதுத் துணி எடுப்பான், மாலை வாங்குவான், பிள்ளை கத்துகிற கத்தலுக்குத் தன் காதைக் கொடுப்பான்.

பெரியப்பா மகன் எங்களுக்கு இருக்கிறார். முனீஸ் அண்ணன். வீடும் தூரம் இல்லை. எங்கள் ஹால் சுவருக்கு அந்தப் பக்கம். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்.

அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் நாலு வருஷமாகப் பேச்சு கிடையாது. அதுதான் சிக்கல்.

எனக்கும் மடி இருக்கிறது

“மடிதான வேணும் அத்தை? நான் உக்காருறேன். எனக்கும் ரெண்டு தொடை இருக்கு. பாப்பாவுக்கும் என்னையத்தான் பிடிக்கும்” என்றேன்.

மதுரையில் மூன்று வருஷம் ஹாஸ்டல் சாம்பார் குடித்து டிகிரி வாங்கிய திமிர். வாய் கொஞ்சம் முன்னால் போய்விடும். ஆள் பின்னால் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும்.

அத்தை கோபப்படவில்லை. “நீ சித்தி ஆத்தா. சித்திக்கு அன்னைக்கு வேற டூட்டி இருக்கு. பிள்ளை அழுகும்போது கிலுகிலுப்பை ஆட்டணும். அதை ஒழுங்காச் செய்யி.”

“ஏன், பொம்பள மடியில உக்காந்தாக் காதுல ஓட்டை விழாதா?”

“காதுல விழும். அதோட ஊரு வாயிலயும் ஒண்ணு விழும். அதை எந்தக் கம்மலப் போட்டு அடைக்க?”

பல்ப் வாங்கினேன். மாமா சிரித்துக்கொண்டே எழுந்தார். “புதன்கிழமைக்குள்ள பேரு வந்தாப் போதும் சம்பந்தி. பிரஸ்காரன் அவசரப்படுத்துறான்.”

பிரஸ் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நான் காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குள் நழுவினேன். காரணம் கொஞ்சம் கீழே வருகிறது. ஓடிவிடாதீர்கள்.

அவர்கள் கிளம்பிய பிறகு அய்யா மெதுவாக ஆரம்பித்தார். “பரமக்குடியில எங்க சித்தப்பா பேரன் ஒருத்தன் இருக்கான்...”

“அவன் மூஞ்சி உங்களுக்கு நெனப்பு இருக்கா?” என்றாள் அம்மா. “கூப்பிட்டாக் கேக்குற தூரத்துல ஒரு மாமன் இருக்கான். இவுக பஸ் ஏறிப் போயி ஆளு புடிச்சுட்டு வாராகளாம்.”

இதை அம்மா அய்யாவைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள். கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த பெரியம்மாவின் மிக்ஸி பட்டென்று நின்றது.

ஒதுக்கி வைத்த பெயர்

நாலு வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை என்பது குடும்பத்தின் குரூப் போட்டோ மாதிரி. நடக்க முடியாத தாத்தா முதல் தொட்டிலில் கிடக்கிற பிள்ளைவரை எல்லாரும் அதில் நிற்க வேண்டும். மாப்பிள்ளை யார், கல்யாணம் எந்த ஊரில் என்பதையெல்லாம் சொந்தக்காரர்கள் அப்புறம்தான் பார்ப்பார்கள். முதலில் தன் பெயரைத் தேடுவார்கள்.

அய்யா பெயர்களை உரக்கடைக் காலண்டரின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். நான் அப்போது பிளஸ் டூ முடித்து லீவில் இருந்தேன். வீட்டில் வேகமாக டைப் செய்யத் தெரிந்த ஒரே ஜீவன் என்று எனக்குப் பெருமை வேறு.

“அண்ணன் பேரையும் மதினி பேரையும் மட்டும் மத்தவங்களோட போட்றாத. தனியா, எல்லாருக்கும் மேல, பெரிய எழுத்துல வரணும். பிரஸ்காரன்ட்ட வெவரமாச் சொல்லிரு” என்றார் அய்யா.

தனியாகத்தானே வர வேண்டும், தனி மெசேஜாகவே அனுப்பிவிடலாம் என்று அந்த இரண்டு பெயரை மட்டும் ஒதுக்கி வைத்தேன். மற்றவர்களையெல்லாம் மளமளவென்று தட்டிப் பரமக்குடி பிரஸ்ஸுக்கு அனுப்பினேன். அதற்குள் டிவியில் கிரிக்கெட் ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் போனுக்கு ப்ரூஃப் வந்தது. தபால்தலை அளவுக்குத் தெரிந்தது. நான் திறக்கவில்லை. ஒரு கட்டைவிரல் எமோஜி அனுப்பிவிட்டுக் குளிக்கப் போனேன்.

முதல் பத்திரிகை குலசாமி காலடிக்கு. இரண்டாவது மூத்தவர் கைக்கு. அது எங்கள் முறை. அம்மா நாலு மூலைக்கும் மஞ்சள் தடவினாளே தவிர, படிக்கவில்லை. அய்யா தேதியை மட்டும் பார்த்தார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்து இருவரும் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். நானும் பின்னாலேயே போனேன்.

பெரியப்பாவை நாங்கள் பெரியய்யா என்போம். அவர் எதையும் வாய்விட்டுத்தான் படிப்பார். பஸ் டிக்கெட், தீப்பெட்டி, உர மூட்டை, மாத்திரை அட்டை, எதுவாக இருந்தாலும் விரல் வைத்து வரி வரியாகச் சத்தமாகப் படிக்க வேண்டும். அன்றைக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். விரல் நகர நகரப் பெயர்கள் வந்தன. கடைசிவரை போனார். திரும்ப மேலே வந்தார். இன்னொரு தடவை போனார். இந்தத் தடவை சத்தம் இல்லை. அப்புறம் பத்திரிகையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒரு பிள்ளையார் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

“பேப்பர் நல்லா கெட்டியா இருக்கு” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பத்திரிகையைப் பிரித்துப் பார்த்த அய்யா அப்படியே திரும்பி ஓடினார். “என் கையில விட்டுப்போச்சுண்ணே.”

“விட்டுட்டுப் போக நான் என்ன குடையாடா?”

கல்யாணத்துக்குப் பெரியய்யா வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கை நனைக்காமல் போனார். முனீஸ் அண்ணன் வரவே இல்லை. மச்சான் மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுகிற நேரத்தில் எங்கேயோ இருந்த தூரத்து அண்ணன் ஒருவரை இழுத்து வந்து நிறுத்தினார்கள். வீடியோவில் அவர் வாட்சைப் பார்த்துக்கொண்டே மோதிரம் போடுகிறார்.

நான் போய் உண்மையைச் சொல்கிறேன் என்று அழுதேன். அய்யா விடவில்லை. “நான் விட்டேன்னு சொல்லியாச்சு. அப்படியே இருக்கட்டும். காலேசுக்குப் போகப் போற புள்ள, உன் பேரு ஊர்ல அடிபட வேணாம். வாயத் தொறக்காத.”

திறக்கவில்லை. எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் இதை எழுத முடியாது.

செவலையும் கருப்பியும்

பேசாமல் இருப்பது என்பது எங்கள் ஊரில் அவ்வளவு சுலபம் இல்லை. அண்ணன் தம்பி இருவருக்கும் மிளகாய்க் காடு அடுத்தடுத்து. கிணறு பொது. மோட்டார் பொது. மோட்டார் ரூம் சாவிகூடப் பொதுதான். வேப்பமரத்து ஆணியில் தொங்கும்.

அதனால் இருவரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெரியய்யாவிடம் செவலை என்று ஓர் ஆடு. எங்களிடம் கருப்பி என்று ஓர் ஆடு.

“ஏ செவல, கிழக்கால வரப்புல தண்ணி கசியுது. பாக்குறவுக பாக்கட்டும்” என்பார் பெரியய்யா, ஆட்டின் காதுக்குப் பக்கத்தில் நின்று, காடே கேட்கிற மாதிரி.

“ஏ கருப்பி, அதைக் காலையிலயே அடைச்சாச்சுன்னு சொல்லு” என்பார் அய்யா.

“ஏ செவல, அடைச்ச லட்சணம் தெரியுது.”

“ஏ கருப்பி, அம்புட்டு லட்சணமா வேணும்னா அவுகளே வந்து அடைக்கட்டும்.”

ஆடுகள் இரண்டும் அசை போட்டுக்கொண்டு நிற்கும். நீர்ப்பாசனத்தில் அவற்றுக்கு டாக்டர் பட்டமே கொடுக்கலாம்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவே இல்லை. இந்த நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தச் சாவி ஆணியில் இல்லாமல் போகவில்லை. யாரும் யார் முறையிலும் மோட்டாரைப் போடவில்லை. இவ்வளவு ஒழுங்காகச் சண்டை போடுகிற ஆட்களை நான் காலேஜில் பார்த்ததில்லை. அங்கே எங்கள் ரூமில் ஒரு சார்ஜருக்கே மூன்று கட்சி.

பானைக்குள் பேச்சு

இன்னும் பெரிய கூத்து மாசிக் களரியில் நடக்கும். மாசி மாதம் குலசாமி கோயிலில் பங்காளிகள் எல்லாரும் கூடிச் சாமி கும்பிடுவதற்குத்தான் எங்கள் பக்கம் அந்தப் பெயர். எங்களுக்குச் சாமி கருப்பர்.

தாத்தா இருந்தபோதே நிலத்தைப் பிரித்தாயிற்று. வீட்டைப் பிரித்து நடுவில் சுவரும் வைத்தாயிற்று. கருப்பருக்கு வைக்கிற பொங்கல் பானையை மட்டும் பிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஒரே பானை. ஒவ்வொரு வீட்டு மூத்தவரும் மூன்று கைப்பிடி அரிசி போட வேண்டும். ஒரு வீட்டு அரிசி குறைந்தாலும் பானை அடுப்பில் ஏறாது.

எல்லாரும் சண்டை போட்டுக்கொண்டும் யாரும் எக்ஸிட் ஆக முடியாத ஒரே குரூப் அதுதான் என்று நான் ஃபிரண்ட்ஸிடம் கலாய்ப்பேன்.

நாலு மாசியும் இருவரும் வந்தார்கள். பெரியய்யா முதலில் போடுவார். அய்யா அவர் நகரும்வரை காத்திருந்து அப்புறம் போடுவார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். பானை பொங்கும்போது மட்டும் இருவர் வாயிலும் குலவைக்கு நடுவே ஒரே நேரத்தில் “கருப்பா” என்று வரும். அது அவர்கள் கன்ட்ரோலில் இல்லை.

போன மாசியில் பூசாரி தாங்க முடியாமல் கேட்டேவிட்டார். “ஏப்பா, உங்க ரெண்டு பேரு அரிசியும் உள்ள போன ஒடனே பேச ஆரம்பிச்சுருச்சு. நீங்க எப்ப?”

பெரியய்யா விறகைத் தள்ளிவிட்டார். அய்யா புகை கண்ணில் பட்டதுபோலத் துண்டால் துடைத்தார். புகை அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது.

அக்காவின் போன்

ஞாயிறு போய்த் திங்களும் போனது. அய்யா பரமக்குடிப் பேரனுக்கு இரண்டு தடவை போன் போட்டார். அவன் எடுக்கவில்லை. கருப்பர் வேலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்கா கூப்பிட்டாள். பின்னால் பாப்பா எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னடி, பேரு கெடச்சுச்சா?”

“தேடிக்கிட்டு இருக்காக.”

“விடு. கெடைக்கலன்னா என் மாமனாரு மடியிலயே வச்சுக் குத்திருவாங்க. பத்திரிகையில அந்த வரியவே எடுத்துரலாம்னு சொல்லிட்டாக.”

“அப்பச் சரிதான?”

தட்டுகிற சத்தம் நின்றது. பாப்பாவை அக்கா தூக்கிக்கொண்டாள் போல. “சரிதான். பாப்பாவுக்கு மாமனே இல்லன்னு அச்சடிச்சுக் குடுத்த மாதிரி ஆயிரும். இன்னைக்குக் காது குத்து. நாளைக்கு அவ சமைஞ்சா யாரு வருவா? கல்யாணத்துக்கு யாரு மாலை எடுத்துக் குடுப்பா? முனீஸண்ணன் இருக்கையில எம் பிள்ளை ஏன்டி ஆளில்லாத பிள்ளையா நிக்கணும்?”

போனை வைத்தேன். பதினோரு மாதப் பிள்ளையின் அடுத்த இருபத்தைந்து வருஷம் என் ஒரு கட்டைவிரல் எமோஜிக்குக் கீழே மாட்டிக்கொண்டு கிடந்தது.

செருப்பைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

தும்மலுக்கு நடுவே

மத்தியான வெயில். பெரியய்யா வீட்டு மொட்டை மாடியில் குண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அவரும் பெரியம்மாவும் நிழல் பக்கமாக உட்கார்ந்து வெளுத்துப்போன சோடைக் காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். முனீஸ் அண்ணன் சாக்கை உதறிக்கொண்டிருந்தார். குட்டியானை என்று நாங்கள் சொல்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவர். மிளகாய் சீசனில் அவரே மிளகாய் நிறத்தில்தான் இருப்பார்.

“பெரியய்யா, பத்திரிகையில உங்க பேர... அச்...” தும்மல்.

“என்னத்தா?”

“உங்க பேர விட்டது அய்யா இல்ல. நான்தான்... அச்.”

தும்மித் தும்மி எல்லாவற்றையும் சொன்னேன். தனி மெசேஜ், கிரிக்கெட், ப்ரூஃப், கட்டைவிரல். அய்யா வாயைத் திறக்காதே என்று சொன்னதையும் சொன்னேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதில் எவ்வளவு அழுகை, எவ்வளவு மிளகாய் என்று எனக்கே தெரியாது.

பெரியய்யா உருகிவிடுவார் என்று நினைத்தேன். சீரியலில் அப்படித்தான் வரும்.

அவர் எழுந்து நின்றார். “அப்ப உங்கய்யா என்ட்ட பொய் சொன்னானா?”

“அதில்ல பெரியய்யா...”

“நாலு வருசம். கருப்பர் பானைக்கு முன்னாடி என் பக்கத்துல நின்னுக்கிட்டுப் பொய் சொன்னானா?”

பெரியம்மா மிளகாயைக் கீழே போட்டாள். “ஏங்க, அவரு விட்டாருன்னு நாலு வருசம் கோவம். இப்ப விடலன்னு கோவமா? உங்களுக்கு ஏதாவது ஒண்ணு இருந்துக்கிட்டே இருக்கணும்.”

முனீஸ் அண்ணன் என்னிடம் குனிந்து, “ஞாயித்துக்கிழமையே அம்மா பரமக்குடி போயிப் பாப்பாவுக்குப் பட்டுப் பாவாடை எடுத்தாச்சு. பச்சைக் கலர்” என்றார், ரகசியமாக.

“அப்புறம் ஏண்ணே வரல?”

“கூப்பிடாம எப்படி வாரது? மாமன்காரனுக்கு வெத்தல பாக்குத் தட்டு வந்தாத்தான் எந்திரிக்க முடியும்.”

அதற்குள் பெரியய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார். தலையில் இரண்டு மிளகாய்க் காம்பு ஒட்டியிருந்தது. யாரும் சொல்லவில்லை.

சண்டைக்கு வந்தவர்

அய்யா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை சோற்றில் இருந்தது. வாசலில் அண்ணனைப் பார்த்ததும் பாதி எழுந்தார்.

“உக்காரு. சாப்பிடுற ஆள வையக் கூடாது. முடிச்சுட்டு வா” என்றார் பெரியய்யா. நாலு வருஷத்தில் ஆடு இல்லாமல் அவர் தம்பியிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

அம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒரு நொடி திகைத்தாள். அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல, “உக்காருங்க மாமா, சாப்பாடு எடுத்து வைக்கிறேன்” என்றாள்.

“நான் சாப்பிட வரலத்தா. சண்டைக்கு வந்திருக்கேன்.”

“போடுங்க. போட்டுட்டுச் சாப்பிடுங்க.”

அய்யாவால் விழுங்க முடியவில்லை. பெரியய்யாவால் காத்திருக்கவும் முடியவில்லை.

“ஏன்டா பொய் சொன்ன?”

அய்யா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். “புள்ளைய மாட்டிவிடச் சொல்றியாண்ணே?”

“எனக்கு மட்டும் அது புள்ள இல்லையா? என்ட்ட சொன்னா நான் என்ன, மைக் செட்டுக் கட்டிச் சொல்லப் போறேனா?”

“நீ பேசுனாத்தான சொல்ல?”

“நீ கேட்டாத்தான பேச?”

“நான்தான் அன்னைக்கே வந்து கேட்டேன்ல?”

பெரியய்யாவின் குரல் அப்போதுதான் உடைந்தது. “ஒருக்காத்தானடா கேட்ட. ஒருக்கா கேட்டாப் போதுமா? மறுநா வருவ, மறுநா வருவன்னு நான் வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்டா.”

அய்யா சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். கை காய்ந்துவிட்டது.

எனக்கு அந்த நிமிடம்வரை ஒரு தியரி இருந்தது. குடும்பம் என்பது சும்மா சாமி பேரைச் சொல்லி ஆட்களைக் கட்டிப்போடுகிற ஏற்பாடு என்று செமினாரில் பேசிக் கைத்தட்டல்கூட வாங்கியிருக்கிறேன். பெரியய்யா நாலு வருஷம் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்ததை அந்த செமினாரில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அரிசி போட வந்த நாலு மாசியும் அவர் சாமி கும்பிட மட்டும் வரவில்லை. பக்கத்தில் நிற்கிற தம்பி ஒரு வார்த்தை கேட்பானா என்று பார்க்கவும் வந்திருக்கிறார். பானை ஒன்றாக இல்லாமல் போயிருந்தால் அந்தப் பக்கத்தில் நிற்பதுகூட இருந்திருக்காது. தாத்தா நிலத்தைவிட அதைத்தான் யோசித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அம்மா யாரையும் கேட்காமல் இன்னொரு தட்டை வைத்துச் சோறு போட்டாள். பெரியய்யா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார்.

“கொழம்புல புளி தூக்கலா இருக்கு” என்றார்.

மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

எழுந்து போகும்போது வாசலில் நின்று, “இது சண்டைக்கு வந்தது. இதைக் கூப்பிட்டதுன்னு நெனச்சுக்கிறாத. மாமன அழைக்கணும்னா முறையாத் தட்டோட வா” என்றார்.

“விடிஞ்சதும் வாரேண்ணே” என்றார் அய்யா.

“வராட்டி மறுக்கா சண்டைக்கு வருவேன்.”

பச்சைப் பாவாடை

புதன்கிழமை காலையில் தட்டு போனது. நான் மாமாவுக்குப் பெயரை அனுப்பினேன். இந்தத் தடவை ப்ரூஃபை மூன்று தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பரிகாரம் என்று நினைத்துப் பெரியய்யா பெயரையும் முனீஸ் அண்ணன் பெயரையும் எவ்வளவு பெரிதாகப் போட முடியுமோ அவ்வளவு பெரிதாகப் போடச் சொன்னேன்.

பத்திரிகையைப் பெரியய்யா விரல் வைத்துச் சத்தமாகப் படித்தார். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஏத்தா, மொட்டை போடுற பிள்ளை பேர விட என் பேரு பெருசா இருக்கு. வர்ற சனம் எனக்குத்தான் காது குத்துன்னு நெனச்சுட்டு வரப் போகுது.”

சித்திரையில் அய்யனார் கோயில். கடல் காற்றில் உப்பும் பொங்கல் புகையும் கலந்து அடித்தது. முனீஸ் அண்ணன் புது வேட்டியில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக மணையில் உட்கார்ந்தார். பாப்பாவை மடியில் வைத்தார்கள். வைத்த உடனே பாப்பா வேட்டியை நனைத்தாள்.

“மொத மரியாதை பண்ணிட்டா” என்றார் அத்தை.

தலையில் தண்ணீர் தெளித்துக் கத்தி வைத்தபோது பாப்பா அழவில்லை. ஆசாரி காதில் ஊசியை வைத்ததும் வீறிட்டாள். நான் என் டூட்டிப்படி கிலுகிலுப்பை ஆட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. மாமன் சட்டைப் பட்டனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள். முனீஸ் அண்ணன் கண்ணில் தண்ணீர் ஓடியது. அந்தக் கோயிலில் மிளகாய் எதுவும் காயப்போடவில்லை.

அக்கா என் பக்கத்தில் நின்றாள். என் கையைக் கிள்ளினாள். வலிக்கிற மாதிரிதான் கிள்ளினாள்.

இறக்கிவிட்ட பிறகும் பாப்பா பட்டனை விடவில்லை. பச்சைப் பாவாடையோடு, சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு அவர் தோளிலேயே தூங்கிப் போனாள். பந்தியில் அண்ணன் ஒரு கையால் சாப்பிட்டார். எதிர் வரிசையில் பெரியய்யாவும் அய்யாவும் கறிக்குழம்பில் உப்பு குறைவா, சரியா என்று சத்தமாகச் சண்டை போட்டார்கள். நடுவில் ஆடு எதுவும் தேவைப்படவில்லை.

இந்த வாரம் அக்கா ஊருக்கு வந்திருக்கிறாள். இதை நான் டைப் செய்கிற இந்த நேரத்தில் பாப்பா சுவருக்கு அந்தப் பக்கம், பெரியய்யா வீட்டில் தூங்குகிறாள்.